படுக்கையறை பீரோவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்!

காலை பத்து மணி இருக்கும். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது, ஒரு வாய் சுக்குக் காபி குடிக்கலாம் என்று டம்ளரை எடுக்கிறேன்... உள்ளே நுழைகிறார் ஓர் ஆச்சி. பின்னாலேயே மகள். மகள் கையில், வேட்டித் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை.

"ஐயா, பிள்ளை பிறந்து ஒன்பது நாளாச்சு. கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க. தாய் சாப்பிட்டா பால் வழியா பிள்ளைக்குச் சேரும்லா?"

ஆச்சி கேட்டதில் தப்பில்லை. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்பது ஊரறிந்த சங்கதி. சித்த வைத்தியரிடம் வந்து அவர் வேறு எதைத்தான் கேட்பார்?

குழந்தையைக் கிடத்தச் சொல்லித் துணியை விலக்கினேன். குப்பென்று மூக்கில் ஏறியது ஒரு நெடி. பாச்சை உருண்டை! பழைய பீரோவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதே நெடி. குழந்தைக்குக் கண்ணில் மட்டுமல்ல, உள்ளங்கால் வரை மஞ்சள். தூக்கினால் துவண்டது. பால் சரியாக இழுக்கவில்லை என்றாள் தாய். அடியில் போட்டிருந்த துணியில் சிறுநீர்க் கறை காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

"இது என்ன துணி ஆச்சி?"

"அவன் தாத்தா வேட்டிய்யா. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாதுல்லா? பதினாறு கழியட்டும்னு இதைத்தான் கிழிச்சுப் போடுதோம். பீரோவுல உருண்டை போட்டுப் பத்திரமா வச்சிருந்தேன்."

"துவைச்சீங்களா?"

"துவைச்சு மடிச்சு வச்சதுதானேய்யா... உதறிப் போட்டோம்."

நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. 'குழந்தையைப் பாச்சை உருண்டை வைத்த துணியில் சுற்றியிருக்கிறார்கள். ரத்தம் உடைகிறதா, ஜி-6-பி-டி குறைவு இருக்கிறதா என்று பார்க்கவும்' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆச்சிக்கு என்மேல் வருத்தம். "நம்ம வைத்தியர்னு வந்தா இங்கிலீஷ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புதாரே" என்று வாசலில் சொல்லிக்கொண்டே போனது காதில் விழுந்தது.

நல்லவேளை, போனார்கள். நான்கு நாள் நீல விளக்கில் வைத்து, ஒரு தடவை ரத்தமும் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் அளவுக்கு மீறி ஏறினால் அது மூளையைப் போய்த் தாக்கும். காது கேட்காமல் போகலாம், கைகால் முறுக்கிக்கொள்ளலாம், உயிருக்கே கூட ஆபத்தாகலாம். இதற்கெல்லாம் கீழாநெல்லி காத்திருக்காது!

அந்த வீட்டில் யாரும் வேண்டுமென்று தப்புச் செய்யவில்லை. பத்திரமாக வைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் வைத்தார்கள். அதனால்தான் இந்த மாதம் மூலிகையை விட்டுவிட்டு, நம் எல்லோர் வீட்டுப் படுக்கையறையிலும் நிற்கிற அந்தப் பீரோவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

உருண்டை கரைந்து எங்கே போகிறது?

பாச்சை உருண்டை, அந்துருண்டை, ரசகற்பூரம்... ஊருக்கு ஒரு பேர். (இந்த ரசகற்பூரம் என்ற பேர் எனக்குப் பிடிப்பதில்லை. சித்த மருத்துவத்தில் ரசகற்பூரம் என்பது பாதரசச் சரக்கு. பீரோ உருண்டைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) பெரும்பாலும் இந்த உருண்டை நாப்தலின் என்கிற ரசாயனம்.

தீபாவளிக்குப் போட்ட உருண்டை பொங்கல் கழிந்து பார்த்தால் பட்டாணி அளவுக்கு இளைத்திருக்கும். அப்புறம் காணாமலே போய்விடும். தண்ணீராக உருகவும் இல்லை, யாரும் எடுக்கவும் இல்லை. பின்னே எங்கே போயிற்று? அப்படியே ஆவியாகித் துணி இழைக்குள் புகுந்திருக்கிறது. மிச்சம், கதவைத் திறக்கும்போதெல்லாம் படுக்கையறைக் காற்றில் கலந்து நம் மூச்சுக்குள் போயிருக்கிறது. பூச்சியைக் கொல்வதும் அந்த ஆவிதான். நெடி அடிக்கிற வரைக்கும் அது துணியில் இருக்கிறது என்று அர்த்தம்.

ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை, பெயின்ட் அடித்த இரும்பு பீரோ மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் இருக்கிற வரைக்கும் துரு அண்டாது. சிவப்பணுவுக்கு அந்தப் பெயின்ட் வேலையைச் செய்வதற்கு ஜி-6-பி-டி என்று ஒரு நொதி இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. தாய் வழியாக வருவது. ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம் தெரியும். இந்தக் குறைவு உள்ளவர்கள் சாதாரண நாளில் நம்மைப் போலவே நன்றாக இருப்பார்கள். நாப்தலின் உள்ளே போகும்போது மட்டும் பெயின்ட் இல்லாத இரும்பு மாதிரி சிவப்பணுக்கள் சிதைந்து உடையும். ரத்தம் குறையும், மஞ்சள் ஏறும், சிறுநீர் கறுக்கும். மலேரியாவுக்குக் கொடுக்கிற பிரைமாக்குவின் மாத்திரையும் இவர்களுக்கு இதையே செய்யும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் நம் வைத்தியத்துக்கு ஓரவஞ்சனை செய்தவன் ஆவேன். மருதாணியும் அந்தப் பட்டியலில் உண்டு. 'நம்ம மூலிகைதானே' என்று கைக்குழந்தையின் உள்ளங்கையில் மருதாணி அப்பாதீர்கள்.

இந்தக் குறைவு இல்லாத குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகலாம். பிறந்த குழந்தையின் ஈரலுக்கு இதையெல்லாம் கழித்துத் தள்ளும் பக்குவம் இன்னும் வந்திருக்காது. தோலும் மெல்லியது. எண்ணெய் தடவிய உடம்பில் அந்தத் துணியைச் சுற்றினால் இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்க்காத குழந்தை உண்டா?

ஐரோப்பிய நாடுகளில் வீட்டு உபயோகத்துக்கு நாப்தலின் உருண்டை விற்பதை 2008-லேயே நிறுத்திவிட்டார்கள். நம்மூரில் மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும்.

கடையில் கிடைக்கிற வெள்ளை உருண்டை எல்லாமே நாப்தலினும் இல்லை. சூடமும் இருக்கிறது. பாராடைகுளோரோபென்சீன் என்று வாய்க்குள் நுழையாத பேரில் ஒன்றும் இருக்கிறது. தண்ணீரில் போட்டால் சூடம் மிதக்கும், மற்ற இரண்டும் முங்கும். இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரில் நாப்தலின் மேலே வரும், மூன்றாவது அப்போதும் முங்கியே கிடக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு நல்ல பரிசோதனை. சமையல் பாத்திரத்தில் மட்டும் செய்யாதீர்கள்.

சரி, உருண்டை போட்ட துணியை என்ன செய்வது? தூக்கி எறிய வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் நெடி போகிற வரைக்கும் சில நாள் தொங்க விடுங்கள். பிறகு வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு தடவை துவைத்து வெயிலில் காய வையுங்கள். முகர்ந்து பாருங்கள். கொஞ்சம் நெடி இருந்தாலும் குழந்தைக்கு வேண்டாம். பழந்துணி போடுகிற வழக்கம் நல்ல வழக்கம்தான். பழசு மெத்தென்று இருக்கும், உடம்பை உறுத்தாது. அந்தத் துணிகளை உருண்டையே படாத தனிப் பெட்டியில் வையுங்கள், அவ்வளவுதான்.

தவழுகிற பிள்ளை உருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டுவிட்டால்? முறிவு என்று பால் கொடுப்பார்கள், நெய் கொடுப்பார்கள். கூடவே கூடாது! கொழுப்புச் சேர்ந்தால் நாப்தலின் ரத்தத்தில் வேகமாக ஏறும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உருண்டைப் பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். '108'-க்குப் போன் செய்யுங்கள். பிள்ளை விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான் என்று இருந்துவிடாதீர்கள். ரத்தம் உடைவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

சூடம் விழுங்கினால் அவ்வளவு நேரம் கூடக் கிடைக்காது. சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரலாம். பூஜைச் சூடத்தைப் பீரோவின் கீழ்த்தட்டில் வைக்கிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

ஊருக்கு உபதேசம்!

அந்தக் குழந்தையை அனுப்பிவிட்டு அன்றிரவு வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி சாவகாசமாகக் கேட்டாள்: "ஊருக்கு உபதேசம் பண்றது இருக்கட்டும். நம்ம பீரோவை என்னைக்காவது திறந்து பார்த்திருக்கீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில் மேல் பரப்பினோம். பாளையங்கோட்டையில் படித்த காலத்து நோட்டுப் புத்தகங்கள், வளையல் பெட்டி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எல்லாம் இருக்கட்டும், விடுங்கள். என்னைத் தலைகுனிய வைத்தது மருந்துகள்தான்!

சேலை மடிப்புக்கு நடுவில் என் அம்மாவின் பிரஷர் மாத்திரை, தேதி முடிந்தது. மனைவியின் தைராய்டு மாத்திரை. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை, பாதி அட்டை. என் மாமனார் காலத்துப் பொட்டலங்கள் நாலு. பற்பமா, செந்தூரமா, எந்த நோய்க்கு, என்ன அளவு? ஒன்றும் எழுதவில்லை. நிறத்தை வைத்து ஊகிக்கலாமே தவிர, சத்தியம் செய்ய முடியாது. ஒரு சித்த வைத்தியன் வீட்டுப் பீரோவில் பேர் எழுதாத செந்தூரம்! கடையில் பார்த்திருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

இதில் எது பெரிய ஆபத்து தெரியுமா? பார்க்கச் சாதுவாக இருந்த அந்தச் சிவப்பு மாத்திரை. சத்து மாத்திரைதானே என்று நாம் அலட்சியமாக வைப்போம். இரண்டு வயதுப் பிள்ளை அதை ஜெம்ஸ் மிட்டாய் மாதிரி நாலைந்து விழுங்கினால் வயிறு புண்ணாகி, ஈரல் கெட்டு, உயிரே போகக்கூடும். சர்க்கரை நோய் மாத்திரைகளில் சில வகை, ஒன்றே ஒன்று போதும். குழந்தையின் ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். அதுவும் சில மணி நேரம் கழித்து, பிள்ளை தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது.

அப்புறம் டிராயரில் ரிமோட்டுக்கும் கைக்கடிகாரத்துக்கும் போடுகிற பொத்தான் பேட்டரி மூன்று உருண்டு கிடந்தன. அது உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். பழம் கொடுத்தால் வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கிற சமாசாரம் இல்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், தேதி முடிந்ததையெல்லாம் கழித்தோம். பேர் இல்லாத பொட்டலங்களையும் கழித்தோம். மாமனார் நினைவாயிற்றே என்று மனைவிக்குக் கொஞ்சம் மனசில்லை. மிச்ச மருந்தை ஒரு டப்பாவில் போட்டு, பீரோவுக்குள்ளே இருக்கிற பூட்டுப் போட்ட பெட்டியில், ஆம், நகை வைக்கிற அதே லாக்கரில் வைத்தோம். நகையைப் பூட்டி வைக்கிறோம், மாத்திரையைத் திறந்து வைக்கிறோம். பேரன் விழுங்கப் போவது எதை?

எலி மருந்து, தலைச்சாயம், கொசு மருந்து பாட்டில் இவை படுக்கையறைக்கே வரக்கூடாது. பூட்டி வைத்தால் கூட வேண்டாம்.

பீரோ சாயுமா?

"ஆறரை அடி இரும்பு பீரோ, நாலு பேர் சேர்ந்தால்தான் அசைக்க முடியும், அதாவது சாயறதாவது!" என்பீர்கள். மூடியிருக்கும்போது சாயாது. இரண்டு கதவையும் விரியத் திறந்து, கீழ்த்தட்டில் கால் வைத்து, மேல்தட்டில் இருக்கிற பொம்மையை எடுக்க மூன்று வயதுப் பிள்ளை ஏறித் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவின் கனமும் பிள்ளையின் கனமும் சேர்ந்து முன்பக்கம் இழுக்கும். கீழ்த்தட்டு காலியாக இருந்து, தலைமேல் சூட்கேசும் பித்தளைக் குத்துவிளக்கும் அடுக்கி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்குத் தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் வைத்த தரை.

கனமானது எல்லாம் கீழே போகட்டும். பித்தளை, வெள்ளி, ஆல்பம், பத்திரங்கள் எல்லாம் அடித்தட்டில். முன்கால் இரண்டுக்கும் அடியில் மெல்லிய மரச் சக்கை வைத்து, பீரோ லேசாகச் சுவர்ப்பக்கம் சரிந்து நிற்கும்படி செய்யுங்கள். தச்சரைக் கூப்பிட்டு மேல்பக்கத்தில் இரண்டு எல்-பட்டை வைத்துச் சுவரோடு திருகிவிட்டால் இன்னும் நல்லது. அரை மணி நேர வேலை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுவரில் இரண்டு ஓட்டை விழுவதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தாலும் பரவாயில்லை!

பிள்ளைகளைக் கவர்கிற எதையும், பிஸ்கட் டின்னோ பொம்மையோ, மேல்தட்டில் ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்து வைப்பதுதான் ஏறச் சொல்லிக் கொடுக்கிறது.

சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதும் கெட்ட பழக்கம். கண்ணாமூச்சி விளையாட்டில் ஒருவன் உள்ளே ஒளிவான், இன்னொருவன் விளையாட்டாகச் சாவியைத் திருகிவிட்டு ஓடிவிடுவான். உள்ளே காற்றில்லை.

யாருக்கு எந்தத் தட்டு?

என் அம்மா, பீரோ மேலிருந்த பெட்டியை எடுக்க பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, கையை ஊன்றி விழுந்தார்கள். மணிக்கட்டு முறிந்தது. எக்ஸ்ரே, மாவுக்கட்டு, ஆறு வாரம். பெட்டிக்குள் என்ன இருந்தது என்றால், குளிர்காலத்துக்கு ஒரு கம்பளி! யாரிடமும் கேட்கப் பிடிக்காமல் தானே ஏறியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கணக்கு. நின்றபடி கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி படுகிற இடம் முதல் தோள் உயரம் வரைக்கும் உள்ள தட்டுகள் வயசானவர்களுக்கு. அவர்களுடைய அன்றாடச் சேலை, வேட்டி, துண்டு, போர்வை எல்லாம் அங்கேதான். அவர்களைக் குனியவும் வைக்காதே, எட்டவும் வைக்காதே. பிரஷருக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் குனிந்து தேடிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் துணி கீழ்த்தட்டில் இருக்கட்டும், தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை எடுக்கிற பட்டு, கம்பளி மேலே. அதை எடுப்பது நம் பொறுப்பு.

நடுராத்திரி எழுந்து தேடுகிற பொருள், டார்ச், வெந்நீர்ப்பை, மூச்சிழுப்புக்காரருக்கு இன்ஹேலர், இவற்றுக்கு ஒரே இடம். அதை மாற்றவே கூடாது. கைக்குழந்தை எட்டாத உயரமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இஸ்திரிப் பெட்டியைச் சூடு ஆறுவதற்குள் உள்ளே வைப்பது, துணி மேலேயே செல்போனை வைத்துச் சார்ஜ் போடுவது, இதெல்லாம் தீயை வீட்டுக்கு அழைக்கிற வேலை.

பூச்சிக்கு என்னதான் செய்வது?

உருண்டை வேண்டாம் என்றால் பட்டுச்சேலை போச்சே என்பது அடுத்த கேள்வி. முதலில், பூச்சி எதற்கு வருகிறது என்று பாருங்கள். அந்துப்பூச்சியின் புழு தின்பது பட்டும் கம்பளியும். அதிலும் வியர்வை, குழம்புக் கறை பட்ட இடம் என்றால் அதற்கு விருந்து. ராமபாணப் பூச்சிக்குப் பிடித்தது கஞ்சிப் பசை, காகிதம். கஞ்சி போட்டு மடித்த வேட்டியில் ஓட்டை விழுவது இதனால்தான். ஆக, அழுக்கோடு எதையும் உள்ளே வைக்காதீர்கள். நாள்பட வைக்கிற பருத்தித் துணியைக் கஞ்சி இல்லாமல் வையுங்கள். உடுத்தும்போது கஞ்சி போட்டுக்கொள்ளலாம். பாதி வேலை முடிந்துவிட்டது.

பட்டுச்சேலையைக் கஞ்சியில்லாத பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். சரிகை ஒரே இடத்தில் முறியாது. பருத்தி, கம்பளியை வெயிலில் போட்டு உதறினால் பூச்சி முட்டையும் உதிர்ந்துவிடும். டிரை கிளீன் செய்து வந்ததை பிளாஸ்டிக் உறையோடு உள்ளே தொங்கவிடாதீர்கள். உறையைக் கழற்றி ஒரு நாள் வெளியே தொங்கட்டும்.

பிறகு நம் சரக்கு. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு இடித்துக் கற்பூரமும் சேர்த்துத் துணிப்பொட்டலமாக வைக்கிற முறை உண்டு. வீட்டுக்கு நான் சொல்வது கற்பூரத்தைத் தவிர மற்றதெல்லாம். வசம்பு ஐந்து பங்கு என்றால் மற்றவை ஒவ்வொன்றும் ஒரு பங்கு. ஒன்றிரண்டாக இடித்து, வெள்ளைத் துணியில் எலுமிச்சை அளவு முடிச்சாகக் கட்டி, தட்டுக்கு இரண்டு. துணி மேல் நேரே படாமல் மூலையில் வையுங்கள். எண்ணெய்ப் பசை கறை பிடிக்கும். மூன்று மாதத்தில் வாசனை போய்விடும், புதிதாகக் கட்ட வேண்டும். வேப்பிலை போடுகிறவர்கள் நிழலில் சருகாக உலர்த்திய பிறகுதான் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் பூசணம்தான் மிச்சம்.

உள்ளதைச் சொல்கிறேன்: இந்த முடிச்சுக்குப் பூச்சியை விரட்டும் குணம் உண்டே தவிர, ஏற்கெனவே குடியேறிவிட்ட புழுவைக் கொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துவைத்து, பீரோ இடுக்கெல்லாம் துடைப்பதுதான் வழி. இன்னொரு எச்சரிக்கை. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பேர் இருக்கிறதே என்று, பீரோவில் போட்ட வசம்பை உரசிக் குழந்தை நாக்கில் தடவிவிடாதீர்கள். எங்கள் மருத்துவத்திலேயே அதைச் சுத்தி செய்யாமல் உள்மருந்தாகக் கொடுப்பதில்லை. ஆறு மாதம் வரைக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பால் போதும்.

பீரோவைக் குளியலறைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் இப்போதே நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரின் ஈரம் இரும்பில் ஏறி, உள்ளே பூசணம் பிடிக்கும். அந்தத் துணியை உடுத்துகிற இரைப்புக்காரப் பிள்ளைக்கு ஏன் இழுப்பு அடங்கவில்லை என்று நாங்கள் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்போம். இஸ்திரி போட்ட துணியின் சூடும் ஈரமும் ஆறிய பிறகு அடுக்குங்கள். அடைத்துத் திணிக்காமல், தட்டில் கை நுழைகிற அளவு இடம் விடுங்கள். மழை இல்லாத நாளில் வாரம் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து போடுங்கள். ஜன்னலையும் சேர்த்து. பிள்ளைகள் அறையில் இல்லாத நேரமாகப் பார்த்து!

மூன்று மாதம் கழித்து அந்த ஆச்சி மறுபடி வந்தார்கள். மகளும் பேரனும் கூடவே. பிள்ளை கொழுகொழுவென்று என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான். ஜி-6-பி-டி குறைவு இருக்கும்போலத் தெரிந்தது. ஆனால் ரத்தம் உடைகிற சமயத்தில் எடுக்கிற பரிசோதனை சில நேரம் சரியாகக் காட்டாது என்பதால், மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார்களாம். அந்தச் சீட்டைக் காட்டினார்கள். குறைவு உறுதியாகியிருந்தது. "இனிமே எந்த டாக்டர்ட்ட போனாலும் முதல்ல இந்தச் சீட்டைக் காட்டணும் தாயி, பள்ளிக்கூடத்துலயும் சொல்லி வைக்கணும்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

ஆச்சி மெதுவாகக் கேட்டார்கள்: "பீரோவுல இருந்த உருண்டையெல்லாம் அன்னைக்கே பொறுக்கிட்டேன்யா. துணியெல்லாம் துவைச்சாச்சு. ஆனா பீரோவைத் திறந்தா இன்னும் லேசா அடிக்கி. என்ன செய்ய?"

தட்டுகளைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, தட்டில் விரித்த பழைய பேப்பரையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, வெயில் அடிக்கிற நாளில் கதவையும் ஜன்னலையும் பகல் முழுக்கத் திறந்து வைக்கச் சொன்னேன். அதுவரைக்கும் பேரனை அந்த அறையில் படுக்க வைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.